மேசையில் ஜாம், குசினியில் மீன்குழம்பு

அவளுடைய படிவத்தில் தகப்பனைப் பற்றி ஒரேயொரு வரிதான் இருந்தது: சொந்தமாக ஒரு போட் வைத்திருக்கிறார். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு எங்கள் வீடு பட்ட பாடு கொஞ்சமில்லை.

எண்பத்து மூன்றாம் ஆண்டு மாசி மாதம். எனக்குப் பதினாறு வயது, வீட்டுக்கு ஒரே பெண்பிள்ளை. தெல்லிப்பழையில் இருந்தோம். அப்பா நான் படித்த பள்ளிக்கூடத்திலேயே ஆங்கில வாத்தியார். மாணவர் பரிமாற்றம் என்று சொல்லி நோர்வேயிலிருந்து எட்டுப் பிள்ளைகள் வருகிறார்கள், ஒரு மாதம் ஆளுக்கொரு வீட்டில் தங்கி எங்களோடு படிப்பார்கள் என்று அறிவித்தார்கள். அடுத்த வருஷம் எங்களில் எட்டுப் பேர் அங்கே போவதாகத் திட்டம். அந்தப் பாதி நடக்கவேயில்லை. ஆடி மாதக் கலவரம் வந்து எல்லாருடைய திட்டங்களையும் குலைத்துப் போட்டது. நோர்வே எங்கே இருக்கிறது என்று அட்லசைத் திறந்து தேடிய காலம் அது. பின்னாளில் எங்கள் ஊரில் பாதிப்பேர் அங்கே குடியிருப்பார்கள் என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் வாய்விட்டுச் சிரித்திருப்போம்.

எங்கள் வீட்டுக்கும் ஒரு பிள்ளை வேண்டும் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். அம்மாவுக்குத் துளியும் விருப்பமில்லை.

"எங்கடை வீட்டிலை என்ன இருக்கு? அந்தப் பிள்ளையைக் கொண்டந்து எங்கை இருத்துறது?"

இரண்டு நாள் நான் யாரோடும் கதைக்கவில்லை. எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். மூன்றாம் நாள் அப்பா பெயரைக் கொடுத்துவிட்டு வந்தார். அடுத்த கிழமை, எங்களிடம் வரப்போகிறவளைப் பற்றிய அந்தப் படிவம் வந்து சேர்ந்தது.

அப்பா அந்த வரியை மூன்று தரம் வாசித்தார். "போட் வைச்சிருக்கிற ஆளெண்டால் பெரிய இடம்" என்றார். அவருடைய கண்ணுக்குள் வெள்ளைக் காற்சட்டை போட்ட ஒரு கனவான், வெள்ளைப் படகில், கறுப்புக் கண்ணாடியோடு மிதந்துகொண்டிருந்திருக்க வேண்டும். அன்றைக்கே வேலை தொடங்கியது. அண்ணை கிணற்றுக்கட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தார். பக்கத்து வீட்டிலிருந்து முள்ளுக்கரண்டியும் கை வைத்த கதிரையும் இரவலாக வந்தன. ஜாம் ஆறு போத்தல் வாங்கினார்கள். கடைசியாக அப்பா ஒரு சட்டம் போட்டார்.

"அந்தப் பிள்ளை இருக்குமட்டும் வீட்டுக்குள்ளை மீன் மணக்கக்கூடாது."

இதைச் சொன்னவர் மீன் இல்லாத சோற்றைச் சோறு என்றே ஒத்துக்கொள்ளாத மனிதர்.

அவள் வந்தாள். நெடுநெடு என்ற உயரம், வைக்கோல் நிறத் தலைமயிர், வெயில் பட்டுச் சிவந்த மூக்கு. அப்பா வாசலில் நின்று ஆங்கிலத்தில் ஒரு வரவேற்புரை ஆற்றினார். அவள் "யெஸ்" என்றாள். அவர் இன்னுமொரு பந்தி பேசினார். அதற்கும் "யெஸ்" என்றாள். வெள்ளைக்காரர் எல்லாருக்கும் இங்கிலீசு தாய்ப்பாஷை இல்லை என்பது எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரியும். அவளுடைய இங்கிலீசிலும் என்னுடையதிலும் ஒரே அளவு ஓட்டை. அதனாலேயே நாங்கள் இரண்டு பேரும் முதல் நாளே ஒட்டிக்கொண்டோம்.

அவளுக்குக் கிணறு பிடித்துப்போயிற்று. மார்போடு துணியைச் சுற்றிக் குறுக்குக்கட்டுக் கட்டப் பழக்கினேன். பிறகு ஒரு நாளைக்கு மூன்று தரம் குளித்தாள். தானே அள்ளித் தலையில் ஊற்றி, எனக்கும் ஊற்றி, வாழைக்கும் ஊற்றி, வாளியைக் கீழே வைக்கவே மாட்டாள். பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில்தான் இருப்பாள். எனக்கு அக்காவோ தங்கச்சியோ இல்லை. இரவு கட்டிலில் கிடந்து ஓட்டை இங்கிலீசில் ஊர்க்கதை கதைக்க ஓர் ஆள் கிடைத்ததில் நான் தலைகால் புரியாமல் திரிந்தேன்.

சாப்பாட்டு நேரம் மட்டும் வேறு மாதிரி. விருந்தாளி சாப்பிட்டு எழும்பிய பிறகுதான் வீட்டுக்காரர் சாப்பிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். அவளை இரவல் கதிரையில் இருத்துவோம். அப்பா நீளமான இங்கிலீசுச் செபம் ஒன்று சொல்லுவார். பிறகு பாண், ஜாம், அவித்த முட்டை, அவித்த உருளைக்கிழங்கு. அம்மா கரண்டியோடு ஒரு பக்கம், அப்பா கதிரைக்குப் பின்னால், அண்ணை விசிறியோடு மற்றப் பக்கம், நான் எதிரே. நாலு பேர் நின்று பார்க்க அவள் ஒருத்தி மென்று விழுங்குவாள்.

அவள் முடித்ததும் நாங்கள் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வோம். உள்ளே அடுப்படியில் சோறும் மீன்குழம்பும். அவளுக்குத் துணையாக ஓர் ஆள் விறாந்தையில் இருக்கவேண்டும் என்பதால் முறை போட்டுச் சாப்பிட்டோம். மீன் மணம் கதவுக்குக் கட்டுப்படுகிற சாமானா? நாங்கள் புரட்டஸ்தாந்துக்காரர், சாம்பிராணி காட்டுகிற ஆட்கள் இல்லை. தேவாலயத்திலும் இல்லை, வீட்டிலும் இல்லை. மீனை மறைப்பதற்காக அம்மா அதையும் வாங்கிப் புகைத்தார்.

நாலாம் நாளிலிருந்து அவளுடைய முகம் வாடத் தொடங்கியது. பாணில் பாதியை அப்படியே வைத்துவிட்டு எழும்புவாள். என்ன என்று கேட்டால் ஒன்றுமில்லை என்பாள். வெள்ளிக்கிழமை பின்னேரம், இந்தப் பரிமாற்றத்துக்குப் பொறுப்பான டீச்சர் வீட்டுக்கு வந்தார்.

"மாஸ்ரர், குறை நினைக்காதேங்கோ. வேறை வீட்டுக்கு மாத்தேலுமோ எண்டு பிள்ளை என்னட்டைக் கேட்டது. காரணம் சொல்லேல்லை. அச்சுவேலியிலை ஒரு வீடு இருக்கு. கார் இருக்கு, பிள்ளையளும் கனபேர். ஞாயிறு ஆராதனை முடிய மத்தியானம் வந்து கூட்டிக்கொண்டு போறன்."

"ஓம் டீச்சர்" என்றார் அப்பா.

நான் கிணற்றடிக்குப் போய் அழுதேன். அழுது முடிய அவள் மேல் கோபம் வந்தது. என்னிடம் சொல்லாமல் டீச்சரிடம் போய்ச் சொன்னாளே! உள்ளே வந்து பார்த்தால் அவளுடைய பெட்டி அடுக்கி முடிந்து விறாந்தைக் கதவடியில் நின்றது. அன்றிரவு அவள் பக்கம் நான் திரும்பவேயில்லை. அப்பாவும் அம்மாவும், உபசாரம் போதாமல்தான் பிள்ளை போகிறாள் என்று முடிவுகட்டினார்கள். சனிக்கிழமை விடியவே இரவலாக ஒரு மேசை ஃபானும், தகரத்தில் அடைத்த பட்டரும் வந்து இறங்கின.

அந்த அமளிக்குள் அம்மா என்னைக் குசினிக்குள் கூப்பிட்டுக் காதுக்குள் சொன்னார்.

"மயிலிட்டிக் கரைக்கு ஓடிப்போய்க் கறிக்கு ஏதும் வாங்கிக்கொண்டு வா. அவளுக்குத் தெரியக்கூடாது."

நான் சைக்கிளை உருட்டிக்கொண்டு படலைக்குப் போக, அவள் அங்கே நின்றாள். எங்கே போகிறாய் என்று கேட்டாள். கடைக்கு என்றேன். தானும் வருகிறேன் என்றாள். எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. எப்படியும் நாளைக்குப் போகிறவள்தானே, எந்த மணத்தை மணந்தால் எனக்கென்ன என்று நினைத்து, கரியரைக் காட்டி "ஏறு" என்றேன்.

புகையிலைத் தோட்டங்களைக் கடக்குமட்டும் நான் திரும்பிப் பார்க்காமல் மிதித்தேன். கடல்காற்று முகத்தில் பட்டதும் பின்னால் அவள் நிமிர்ந்து உட்கார்ந்தது சைக்கிள் ஆடியதில் தெரிந்தது. துறைமுகத்தடியில் நான் பிரேக் பிடிக்கமுதலே குதித்துவிட்டாள். அதற்குப் பிறகு ஏழு வருஷத்தில், இராணுவம் பிடித்து, அந்தக் கரைக்கு எங்களில் ஒருவரும் போகமுடியாத காலம் வந்தது. அன்றைக்கு அது வெறும் மீன் வாங்குகிற இடம்.

போட்டுகள் வந்து சேர்ந்திருந்தன. மணலில் வலையைப் பரப்பி, ஆட்கள் வட்டமாகக் குந்தியிருந்து சூடை மீன் கழற்றிக்கொண்டிருந்தார்கள். அவள் நேரே போய், யாரையும் கேட்காமல், அந்த வட்டத்துக்குள் குந்தினாள். வலையின் ஓரத்தை மடியில் இழுத்துப் போட்டாள். பெருவிரலால் மீனின் தலையைப் பிடித்து, நகத்தால் வலைக்கண்ணியை விலக்கி, ஒரு செதில் சிந்தாமல் எடுத்துக் கூடைக்குள் போட்டாள். அடுத்தது. அடுத்தது. கழற்றிக்கொண்டிருந்தவர்கள் கையை விட்டுவிட்டு அவளைப் பார்த்தார்கள்.

போட்டுக்குச் சொந்தக்காரர் என்னிடம் கேட்டார்.

"பிள்ளை, உவ ஆர்?"

"எங்கடை வீட்டிலை வந்து நிக்கிறா, அண்ணை. நோர்வே."

"உவவுக்கு உந்த வேலை ஆர் பழக்கினது?"

எனக்கும் அதுதான் தெரியவேண்டியிருந்தது. நானும் பக்கத்தில் குந்தி ஒரு மீனோடு மல்லுக்கட்டினேன். அவள் கையை நிறுத்தாமல், நாடியை நிமிர்த்திப் போட்டைக் காட்டினாள். தன்னுடைய அப்பாவின் போட்டும் இப்படித்தான், கொஞ்சம் பெரிது என்றாள். பள்ளிக்கூடம் விட்டால் தானும் தம்பியும் வலை கழற்றத்தான் போவது என்றாள். பிறகு தலையை நிமிர்த்தாமல், சின்னக் குரலில், தன்னிடமிருந்த இங்கிலீசையெல்லாம் திரட்டிக் கேட்டாள்.

"உங்கள் வீட்டில் தினமும் மீன் மணக்கிறது. எனக்கு மட்டும் தருவதில்லை. என்னைத் தனியே இருத்திவிட்டு ஏன் மாறி மாறிக் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடுகிறீர்கள்? நான் என்ன பிழை செய்தேன்?"

என் கையிலிருந்த மீன் நழுவி விழுந்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது. உன்னுடைய அப்பா பெரிய பணக்காரர் என்று நினைத்துவிட்டோம், மீன் எங்களுடைய அன்றாடச் சாப்பாடு, அதை உனக்கு முன்னால் வைக்கக் கூச்சப்பட்டு ஒளித்தோம் என்று, இலக்கணத்தைக் கடலில் வீசிவிட்டுச் சொன்னேன். அவள் விளங்காமல் பார்த்தாள். திரும்பச் சொன்னேன். விளங்கியதும் சிரிக்கத் தொடங்கி, சிரித்துச் சிரித்து வலையோடு மணலில் சரிந்தாள். நானும் சிரித்தேன். கண்ணீரும் வந்தது, எதனால் என்று நான் ஆராயவில்லை.

வலை கழற்றக் கை கொடுத்தவர்களுக்குக் கறிக்கு மீன் கொடுப்பது அந்தக் கரையின் வழக்கம். போட்டுக்காரர் அவளுடைய இரண்டு கையும் கொள்ளாமல் அள்ளிக் கொடுத்தார். எனக்கு ஒரேயொரு சூடையை நீட்டினார்.

"நீ ஒண்டுதானே கழற்றினனீ" என்றார்.

வீட்டுக்கு வந்தவள் முன்வாசல் பக்கம் போகவேயில்லை. சுற்றிப்போய் நேரே குசினிக்குள் புகுந்து, கத்தியை எடுத்து, குந்தியிருந்து மீன் வெட்டத் தொடங்கினாள். அம்மா தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார். அப்பா ஓடிவந்தார்.

"அப்பா, உவவின்ரை தேப்பன் மீன்பிடிக்கிறவர். வைச்சிருக்கிறது மீன்பிடி போட்" என்றேன்.

அப்பா அவளையும் கத்தியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப, உந்த ஆறு போத்தல் ஜாம்?" என்றார்.

அன்று மத்தியானம் ஐந்து பேரும் குசினித் தரையில் பாய் விரித்து ஒன்றாக இருந்து சாப்பிட்டோம். அப்பா தமிழில் இரண்டு வரியில் செபத்தை முடித்தார். அவள் உறைப்பில் மூக்கைச் சிந்திச் சிந்தி மூன்று தரம் சோறு போட்டுக்கொண்டாள். ஆனால் பெட்டி கதவடியை விட்டு அசையவில்லை. போகிறாயா, இருக்கிறாயா என்று கேட்க எனக்குப் பயம். அம்மாவுக்கும் பயம். "கேட்டது அவ. தீர்மானிக்கிறதும் அவதான்" என்று அப்பா சொல்லிவிட்டார்.

ஞாயிறு வந்தது. ஆராதனையில் என்ன பிரசங்கம் நடந்தது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்து குசினியில் புட்டோடும் முதல் நாள் குழம்போடும் இருந்தோம். ஒரு நாள் பழசான மீன்குழம்பைப் போல உலகத்தில் வேறொன்றில்லை. அன்றைக்கு நான் அதைத் தொடாமல் புட்டைக் கிளறிக்கொண்டிருந்தேன். பாதிச் சாப்பாட்டில் வாசலில் அச்சுவேலிக் காரின் ஹோர்ன் கேட்டது.

அப்பா எழும்பப் போனார். அவள் குழம்புக் கையை நீட்டி அவரை இருத்திவிட்டு, கையைக் கழுவி முன்னுக்குப் போனாள். கதவு நீக்கலால் எல்லாம் தெரிந்தது. டீச்சரைக் கூட்டிவந்து இரவல் கதிரையில் இருத்தினாள். பாண் வைத்தாள். ஜாம் வைத்தாள். காலையில் மிஞ்சிய அவித்த முட்டையும் முள்ளுக்கரண்டியும் வைத்தாள். ஃபானைப் போட்டாள். பிறகு கதிரைக்குப் பின்னால் விறைப்பாக நின்று, கண்ணை மூடி, ஒரு கிழமையாகக் கேட்டுக்கேட்டுப் பாடமாகிப்போன அப்பாவின் இங்கிலீசுச் செபத்தை, அப்பாவின் இழுவையோடும் கனைப்போடும் கடைசிவரை சொன்னாள். அப்பாவின் காது சிவந்துபோயிற்று. அண்ணை வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினார்.

செபம் முடிய அவள் குசினிக்குள் வந்தாள். கதவைச் சாத்தினாள். தன்னுடைய இடத்தில் இருந்து, விட்ட இடத்திலிருந்து புட்டைக் குழைத்தாள்.

முன்னுக்கு ஃபான் சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது. ஒரு ஐந்து நிமிஷம் போயிருக்கும். கதவு திறந்தது. டீச்சர், கையில் பாண் துண்டோடு.

"என்ன மாஸ்ரர் இது? என்னைத் தனிய இருத்திப்போட்டு எல்லாரும் ஒளிச்சிருந்து மீன் தின்னுறியளோ?"

அவள் அப்பாவைப் பார்த்தாள். அப்பா அவளைப் பார்த்தார். பிறகு அவள் என்னை இடித்துக்கொண்டு நகர்ந்து, பாயில் டீச்சருக்கு இடம் விட்டாள்.

அன்று பின்னேரம் அந்தக் கார் அச்சுவேலிக்கு நாலு போத்தல் ஜாமோடு திரும்பிப் போனது. அவள் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு போய் என் கட்டிலுக்குக் கீழே தள்ளினாள். இடம் போதவில்லை. என்னுடைய பெட்டியை வெளியே இழுத்து வைத்துவிட்டு, கிணற்றடிக்குக் குளிக்கப் போனாள்.