ஆராட்டு நாளில் டொராண்டோவிலிருந்து

டொராண்டோவிலிருந்து திருவனந்தபுரத்துக்கு வான்வழியில் பதின்மூவாயிரத்து எழுநூறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். இடையில் துபாயில் இறங்கி மாறினால் கிட்டத்தட்ட ஒரு முழு நாள். அம்மா இறந்த அன்று மத்தியானம், ஏதோ இணையப் பக்கத்தைப் பார்த்து அண்ணா போனில் வாசித்த கணக்கு இது.

"துபாய் வரைக்கும் டிக்கெட் எடுத்தாச்சு. அங்கேர்ந்து விடியக்காலம் கொச்சிக்கு ஒண்ணு இருக்கு. இறங்கி, கார்ல அஞ்சு மணி நேரம். இல்லேன்னா பின்னாடி வர்றதுல நேரே திருவனந்தபுரம், சாயங்காலம் நாலரைக்கு இறங்கலாம். பஞ்சாங்கம் என்ன சொல்றது?"

சின்ன வயதிலிருந்தே எனக்கு அவன் வைத்த பெயர் அது. தேதி, நேரம் எதுவானாலும் நான் எழுதி வைத்திருப்பேன்.

மறுநாள் பங்குனி ஆராட்டு, கோயில் சுவாமி கடலில் நீராடும் நாள். சுவாமி ஊர்வலம் விமான ஓடுபாதையைக் கடந்துதான் கடலுக்குப் போகும். அன்று மாலை முழுவதும் விமானங்கள் இறங்காது. எத்தனையோ வருஷத்து மூடும் நேரம் என் டைரிகளில் இருக்கிறது. ஊரைவிட்டுப் போனவனுக்கு அது நினைவில்லை.

"நேரே வா அண்ணா. கார்ல எதுக்கு அலையணும்?" என்றேன்.

கடைசி எட்டு மாதம் அம்மாவைக் குளிப்பாட்டியதும் மலஜலம் எடுத்ததும் நான். அவள் என்னைக் கூப்பிட்டதெல்லாம் அவன் பெயர் சொல்லித்தான். "நான் சின்னவன்மா" என்பேன். "சின்னவனா? அவன் எங்கே வரப்போறான், அவனுக்கு அம்மாவாவது ஒண்ணாவது" என்பாள் என் கையைப் பிடித்துக்கொண்டு.

மறுநாள் பதினொன்றரைக்குத் துபாயிலிருந்து அழைத்தான். குரலே மாறியிருந்தது. "ரன்வே அடைப்பாளாம்டா! ராத்திரி ஒம்பதரைக்குத்தான் இறங்குமாம். கொச்சி பிளைட்டும் போயாச்சு. நாளைக்குக் காலம்பற வரைக்கும் வைக்கச் சொல்லு."

காரியம் செய்துவைக்க வந்திருந்த வாத்தியாரிடம் கேட்டேன். ஐஸ் பெட்டியைப் பார்த்தார். "ஒரு ராத்திரி வெச்சதே அதிகமாக்கும். அஸ்தமனத்துக்கு முன்னாடி எடுத்துடணும், கேட்டியா. மூத்தவன் இல்லேன்னா நீ கொள்ளி வை."

நான் மறுக்கவில்லை.

ஐந்து மணிக்குச் சுடுகாட்டில் மறுபடியும் போன் அடித்தது. "இப்போ ஏறப்போறேன். வீடியோல ஒரே ஒரு தடவை முகத்தைக் காட்டுடா. அஞ்சு வருஷமாச்சு பார்த்து."

அம்மா என் காலடியில் கிடந்தாள். வாயைச் சுற்றிக் கட்டிய துணி சற்று நெகிழ்ந்திருந்தது. நெற்றியில் ஒரு ஈ.

"மூடியாச்சு அண்ணா" என்றேன்.

அவன் அழுவது கேட்டது. நான் போனை அணைத்துச் சட்டைப் பையில் வைக்கப் போனேன். மேலே சட்டை இல்லை. வெட்டியான் கை நீட்டி வாங்கிக்கொண்டான். பிறகு குனிந்து, வறட்டியை எடுத்து அவள் முகத்தின்மேல் வைத்தேன்.