இவர் அடைத்த ரவைகள்

இவர், என் மனுசன், துவக்கு ரவை அடைக்கத் தொடங்கியது காசை மிச்சம் பிடிக்கத்தான். கடையில் ஒரு பெட்டி வாங்குகிற காசுக்கு, வீட்டில் அடைத்தால் இரண்டு பெட்டி வரும் என்றார். வீட்டு வேலைச் சம்பளத்தில் வாழ்கிற ஒருவர் சனிக்கிழமைகளில் போய்க் கடதாசியில் குறி பார்த்துச் சுடுவதென்றால் வேறு வழியும் இருக்கவில்லை.

சுடுகிற பழக்கத்தைத் தொற்ற வைத்தது இவர் வேலை செய்த வீட்டு ஐயா. சிஞ்ஞோரே என்றுதான் அவரைக் கூப்பிடுவோம். வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். முழங்கால் நோவால் கார் ஓட்ட முடியாமல் போக, இங்கே இத்தாலியில், பலெர்மோவுக்கு வெளியே இருக்கிற சுடும் கழகத்துக்கு இவர்தான் அவரைக் கூட்டிப் போவார். மணிக்கணக்காகக் காத்திருக்கிற மனுசனைப் பார்த்து, ஒருநாள் "நீயும் சுட்டுப் பாரன்" என்று சொல்லியிருக்கிறார். அதோடு இவருக்குப் பிடித்துக்கொண்டது. கழகத்துப் பயிற்சி, வைத்தியரின் கடதாசி, குவெஸ்தூரா என்கிற பொலிஸ் கந்தோரில் அலைச்சல் எல்லாம் முடிந்து லைசென்ஸ் வந்தது. கைத்துவக்கு அலுமாரியில் இரும்புப் பெட்டிக்குள் பூட்டிக் கிடந்ததால் அது என் கண்ணில் படவில்லை. கண்ணில் பட்டது சுட்டு முடிந்த வெறும் ரவைக் கோதுகள்தான்.

ஒரேத்தோ தெருவில் எங்கள் வீடு மூன்றாம் மாடியில். ஒரு சனிக்கிழமை பின்னேரம் இவர் ஒரு பிளாஸ்ரிக் பை நிறையப் பித்தளைக் கோதுகளைக் கொண்டுவந்து குசினித் தொட்டிக்குள் கொட்டினார். அந்தச் சத்தத்தில் நான் கையில் இருந்த அகப்பையைப் போட்டுவிட்டேன்.

"என்னப்பா இது? ஆரைக் கேட்டு வீட்டுக்குள்ளை கொண்டு வந்தனீங்கள்?"

"வெறுங் கோதப்பா. கழுவித் திருப்பி அடைக்கலாம். இதுதான் விலை கூடின சாமான், இதை எறியாமல் விட்டாலே பாதிக் காசு மிச்சம்."

"அது என்னெண்டு எனக்குத் தெரியும்."

சண்டைக் காலத்தில் இடம்பெயர்ந்து போன ஊரில் தண்ணி எடுக்கப் போன என் தம்பி, யார் சுட்டதென்றே தெரியாத சன்னம் பட்டுச் செத்தவன். நாங்கள் ஓடிப் போனபோது குடம் உருண்டு கிடந்த மண்ணில் இதே மாதிரிக் கோதுகள் கிடந்தன. இவருக்கும் அது தெரியும். ஈரக் கோதுகளைக் கையால் அள்ளி, உடுப்புத் தோய்க்கிற மெசின் நிற்கிற பின்பக்க அறைக்குக் கொண்டு போனார். ரவை அடைக்கிற கருவியையும் அங்கேதான் பூட்டினார்.

ரவைக்குள் போடுகிற வெடிமருந்தை நிறுக்கும்போது இவரோடு கதைக்கக் கூடாது. "இப்ப கூப்பிடாதையும். பிழைச்சால் கையே போயிடும்" என்பார். ரேடியோகூடப் போடமாட்டார். காசுக்காகத் தொடங்கினதுதான். ஆனால் மற்ற ஆக்களின் வீடுகளில் நாள் முழுக்க ஓடித்திரிகிற மனுசன் ஒரு இடத்தில் அசையாமல் இருந்தது அங்கேதான்.

ஒருமுறை என்னையும் கழகத்துக்குக் கூப்பிட்டார். "ஒருக்கால் வந்து பாரும். சண்டையும் இல்லை, ஒண்டும் இல்லை. வெறுங் கடதாசி." நானும் போனேன். காதுக்கு மூடி தந்து, பின்னால் கிடந்த மர வாங்கில் இருத்தினார்கள். இவர் போய் நின்று, தோளைத் தளர்த்தி, கையை நீட்டினார். பலெர்மோவுக்கு வந்த பிறகு இவருடைய முகத்தை அப்படி ஆறுதலாக நான் கண்டதில்லை. முதல் வெடி கேட்டதுதான் தெரியும். நினைவு வரும்போது நான் வாங்குக்குக் கீழே சீமெந்தில் குப்புறக் கிடக்கிறேன். கை இரண்டும் தலைக்கு மேலே.

எல்லாரும் சுடுவதை நிற்பாட்டிவிட்டார்கள். இவர் துவக்கை வைத்துவிட்டு ஓடிவந்து, அத்தனை பேருக்கு முன்னாலும் என் பக்கத்தில் நிலத்தில் குந்தினார். என்னைத் தூக்கவில்லை. "ஒண்டும் இல்லை. நான் இஞ்சை இருக்கிறன்" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் எழும்பும்வரை சிஞ்ஞோரே தன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

அதற்குப் பிறகு இவர் போகவில்லை. கருவியைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்துவிட்டார். சனிக்கிழமைகளில் ரிவிக்கு முன்னால் சும்மா இருப்பார். அந்தச் சும்மா இருக்கிற முகத்தைப் பார்க்கத்தான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

"துவக்கை எடுத்துக்கொண்டு போங்கோவன்" என்றேன் ஒருநாள்.

"உமக்குப் பயமெல்லே?"

"நான் அங்கை வாறதில்லை. நீங்கள் போறதுக்கு என்ன?"

போனார். வரும்போது கோதுப் பையை வெளியே படியிலேயே வைத்துவிட்டுத்தான் கதவைத் தட்டினார். நான் போய் அதை உள்ளே எடுத்து வந்தேன். அதன் பிறகு கோது பார்க்கிற வேலை எப்படியோ என்னிடம் வந்தது. ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்து, மயிரளவு வெடிப்புத் தெரிந்தாலும் ஒதுக்கிவிடுவேன். முதல் முதல் துணி சுற்றித்தான் பிடித்தேன். பிறகு வெறுங் கையால். இவர் மருந்து நிறுப்பார், நான் எதிரே இருந்து கோது பார்ப்பேன். இருவரும் ஒரு சொல்லும் கதைக்காமல் இருந்த அந்தப் பின்னேரங்கள்தான் எங்கள் கலியாண வாழ்க்கையில் மிக நல்லவை என்று இப்போது நினைக்கிறேன்.

இவர் என்னை விட்டுப் போனது ஒரு காலை நேரம். வேலைக்குப் போக ஸ்தாசியோனே சென்ட்ராலே ரெயில் நிலையத்துக்கு முன்னால் பஸ்ஸுக்கு நின்றவர், அப்படியே சரிந்துவிட்டார். நெஞ்சு. நான் கால்சாப் பக்கம் ஒரு வீட்டில் சேட் அயர்ன் பண்ணிக்கொண்டு நின்றபோது போன் வந்தது.

செத்த வீடு முடிந்த பிறகு சிஞ்ஞோரே அந்த முழங்காலோடு மூன்று மாடி ஏறி வந்தார். துவக்கு, மருந்து, அடைத்த ரவை எதையும் லைசென்ஸ் இல்லாத நான் வைத்திருக்க முடியாது, பொலிசுக்கு அறிவிக்க வேண்டும் என்று அவர்தான் சொன்னார். அறிவித்ததும் அவரே.

பொலிஸ்காரர் இருவர் வந்த அன்று அவரும் என்னோடு இருந்தார். மேசையில் ரவைப் பெட்டிகளை அடுக்கி வைத்தேன். வாற மாதங்களுக்கென்று அடைத்து வைத்தவை.

"இதை நீங்களாவது எடுக்கேலாதோ?" என்று கேட்டேன். "எவ்வளவு பாடுபட்டுச் செய்தவர்."

சிஞ்ஞோரே இல்லையென்று தலையாட்டினார். "சட்டம் விடாது, சிஞ்ஞோரா. விட்டாலும், மற்றவன் அடைச்ச ரவையை ஒருத்தனும் சுடுறதில்லை. மருந்து கூடினதோ குறைஞ்சதோ ஆருக்குத் தெரியும்? நான் ஒருநாளும் அப்பிடிச் சுட்டதில்லை." ஒரு பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு மெல்ல மூடினார். "இவன் அடைச்சதெண்டால் கண்ணை மூடிக்கொண்டு சுட்டிருப்பன்."

அதைக் கேட்டபோதுதான் நான் அழுதேன். செத்த வீட்டில்கூட அப்படி அழவில்லை.

இளைய பொலிஸ்காரர் பெட்டிகளை நெஞ்சோடு அணைத்துத் தூக்கினார். அன்று கழுவின மாடிப் படிகள் காயாமல் கிடந்தன.

"வழுக்கும், பார்த்துப் போங்கோ" என்று இத்தாலியனில் சொன்னேன். அவர் சரியென்று தலையாட்டி, ஒவ்வொரு படியாகப் பார்த்து இறங்கினார். கீழே வாசல் கதவு சாத்துகிற சத்தம் கேட்கும்வரை நான் அங்கேயே நின்றேன்.