துண்டுக்குள் பேசிய விலை

பிச்சை முகம்மது பாதி ஆயுசை மாட்டுத் தரகில் கழித்தவர். மாட்டுத்தாவணிச் சந்தையில் விலையை வாயால் சொல்லக் கூடாது. இருவர் கையையும் ஒரு துண்டால் மூடிக்கொண்டு, விரலைப் பிடித்துத்தான் பேச வேண்டும். ஊர் கண் பட்டால் வியாபாரம் கெட்டுவிடுமாம். மாடு போய்க் கார் வந்த பிறகும் மனிதர் துண்டை விடவில்லை.

அறுபதுகளின் தொடக்கத்தில் அவருடைய அக்காள் மகன் மைதீன், கோவில்பட்டியில் காரைக் கழுவி மெழுகுப் பாலிஷ் போடும் ஷெட் ஒன்று வைத்தான். வண்டியைப் பார்த்துக் கூலி சொல்ல மாமாவை உட்கார வைத்தான். அவனுக்குப் புத்தி எங்கே போயிருந்தது என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

வந்து நிற்கிற காரை முதலில் பின்பக்கத்தில் ஒரு தட்டுத் தட்டுவார். பல்லைப் பிடித்துப் பார்க்க முடியாத குறைக்குப் பானெட்டைத் திறந்து பார்ப்பார். நாலு எட்டு ஓட்டிக் காட்டச் சொல்வார். பெயிண்டில் கீறல் இருந்தால், மாட்டு உடம்பின் மயிர்ச்சுழியைப் போல அது நல்ல சுழியா கெட்ட சுழியா என்று யோசிப்பார். சக்கரத்தில் அப்பிய கரிசலைக் கிள்ளிப் பார்ப்பார். கடைசியில் தோள் துண்டை எடுப்பார். காருக்குச் சொந்தக்காரர் கையை நீட்டியாக வேண்டும். ஊரில் பெரிய மனிதரான கண் டாக்டரே நீட்டினார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒருநாள் மைதீனுக்குப் பொறுமை போய்விட்டது.

“மாமா, ஒரு வண்டிக்கு அரை மணி நேரம் கையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிய. அடுத்த வண்டிக்கு வாயைத் திறந்து விலை சொல்லுங்க. இல்லேன்னா நாளையிலருந்து வரவேண்டாம்.”

இந்த ஷெட்டை விட்டால் அந்த வயசில் மாமாவை எவன் கூப்பிடப்போகிறான்?

அடுத்து வந்தது தீப்பெட்டி ஆபீஸ் நடத்தும் கிருஷ்ணவேணியின் அம்பாசிடர். இடைசெவல் கிராமத்துக்குப் போய் மழையில் மாட்டியதில் கதவுவரை கரிசல் சேறு. மாமா தட்டினார், திறந்தார், கிள்ளினார். பிறகு விலை சொல்ல வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது.

கிருஷ்ணவேணி கையை நீட்டினாள். “எங்க கொழுந்தனாருக்குத் துண்டு போட்டுல்லா விலை பேசுனிய? பொம்பளைன்னா வாயில சொல்லி அனுப்பிருவியளோ? துண்டைப் போடுங்க பாய்.”

அந்நியப் பெண்ணின் கையைப் பிடிப்பதா? மாமா பின்வாங்கிப் பின்வாங்கிக் கார்மேலேயே போய் முட்டினார். வேர்வை மைதீனுக்கு வழிந்தது. அந்த அம்மாள் கோபித்துப் போனால் அவள் சொந்தக்காரர்களின் கார்களெல்லாம் போய்விடும்.

மாமா ஓட்டமாக ஓடினார். பக்கத்துத் தெருவிலிருந்து பெண்டாட்டி பதருன்னிசாவைக் கூட்டிவந்தார். அவளுக்கு விரல் கணக்கு தண்ணீர் பட்ட பாடு. பெருநாள் சேலையின் விலையைக்கூட வீட்டில் துண்டு போட்டுத்தான் பேசி முடிப்பார்கள். போர்த்தியிருந்த வெள்ளைத் துப்பட்டிக்குள் இந்தப் பக்கம் புருஷன் கை நுழைந்தது. அந்தப் பக்கம் கிருஷ்ணவேணியின் கை. நடுவில் நின்று இரண்டையும் பிடித்து, ஒரு பக்கத்து விரல் கணக்கை மறுபக்கம் கடத்தினாள் பதருன்னிசா.

நடுத்தெருவில் மூன்று பேரும் விரல் பிடித்தபடி நின்றார்கள். கிருஷ்ணவேணி புருவத்தைத் தூக்கினாள். கொஞ்சம் கழித்து மாமா தலையாட்டி மறுத்தார். துப்பட்டி அசைந்தது. மாமா பெருமூச்சுவிட்டார். கிருஷ்ணவேணி சிரித்தாள்.

“சரி பாய், கழுவுங்க” என்று கையை எடுத்துக்கொண்டு, எதிர்க்கடையில் போய் உட்கார்ந்தாள்.

“எவ்வளவுக்கு முடிஞ்சுது?” என்றான் மைதீன்.

மாமா மாமியைப் பார்த்தார்.

“மாமி, நீங்களாவது சொல்லுங்க.”

“வாயில சொல்லப்பிடாதுல்லா, மைதீனு.”

விலை தெரியாமல் எப்படிக் கூலி வாங்குவது? மைதீன் துப்பட்டியை நோக்கிக் கையை நீட்டினான். மாமியின் கையைப் பிடிக்கப்போகிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது. கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். அந்தத் துப்பட்டிக்குள் கையை நுழைக்கக்கூடிய ஆண்பிள்ளை ஊரில் ஒருவர்தான், அவரைத்தான் அவன் வரவேண்டாம் என்று மிரட்டியிருந்தான்.

“நாளைக்கு ரெண்டு பேரும் வாங்க மாமா” என்றான்.

பேரம் முடிந்தும் பதருன்னிசா புருஷன் கையை விடவில்லை. அவரும் இழுக்கவில்லை. மற்றொரு கையால் தோள் துண்டை எடுத்து மைதீனின் கைமேல் போட்டு, இரண்டு பேருக்குமான சம்பளத்தைப் பேச அவன் விரலைப் பிடித்தார்.