பிரேக்கில் ஒரு சின்ன வேலை பாக்கி

"ஒரு வண்டியோட பிரேக் சரியாயிடுச்சுன்னு யாரு சொல்லணும்? ஓட்டுறவங்களா, பழுது பார்க்குறவங்களா?"

சித்தி இப்படிக் கேட்டபோது இதை எழுதுபவளுக்குப் பள்ளிப் படிப்பு முடிந்திருந்தது, பதில் மட்டும் தெரியவில்லை. ஓட்டுபவர்தான் என்று வாய் வரைக்கும் வந்தது. சித்தியின் முகத்தைப் பார்த்ததும் அது அப்படியே உள்ளே போய்விட்டது. அவள் எதைக் கேட்டாள் என்பது புரிய வேண்டுமானால் நடந்ததை முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

அந்தக் கார் சித்தியின் அப்பாவுடையது. இரண்டே இருக்கை. நீண்ட மூக்கு. மடக்கினால் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும் துணிக்கூரை. கரும்பச்சை நிறம். சித்தி பிறப்பதற்கு முன்பே அதற்கு வயதாகிவிட்டது. ஒரு காலத்தில் பந்தயங்களில் ஓடிய ரகம் என்பார்கள். அதன் சாவியை அவர் மகனிடம் கொடுக்கவில்லை, மகளிடம்தான் கொடுத்தார். மகன் வண்டியைக் கழுவக்கூட வளைய மாட்டான். மகளோ என்ஜின் லேசாக இருமினாலே உட்கார்ந்த இடத்திலிருந்து என்ன கோளாறு என்று சொல்லிவிடுவாள்.

கல்யாணம் முடிந்து புகுந்த வீட்டுக்குக் கிளம்பியபோதும் சித்திதான் ஓட்டினாள். மாப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். வழியனுப்ப வந்த கூட்டத்தில் யாரோ, "பொண்ணு மாப்பிள்ளையைக் கடத்திட்டுப் போகுதுடா" என்று ஒரு போடு போட்டார். எல்லோரும் சிரித்தார்கள், சித்தப்பாவும் சிரித்தார். ஆனால் அந்தப் பேச்சை அவர் அன்றே மனசில் எங்கேயோ முடிந்துவைத்துக்கொண்டார் என்று சித்திக்கு வெகுநாள் கழித்துத்தான் தோன்றியது.

சித்தப்பாவைக் கெட்டவர் என்று யாரும் சொல்லிவிட முடியாது. அச்சகத்தில் மெஷின்களைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. குரலை உயர்த்திப் பேச மாட்டார். சித்திக்குக் காய்ச்சல் என்றால் சமையலையும் துணி துவைப்பதையும் தானே இழுத்துப் போட்டுக்கொண்டு செய்வார். பக்கத்து வீட்டுப் பெண்கள் தங்கள் புருஷன்மார்களைத் திட்டும்போதெல்லாம் அவரைத்தான் உதாரணம் காட்டுவார்கள்.

மகள் பள்ளியில் படித்த காலத்தில், ஒரு மழை நாளில் சித்தி மருத்துவமனைக்குப் போய்க்கொண்டிருந்தாள். அங்கே மருந்து கொடுக்கும் பிரிவில் அவளுக்கு வேலை. முன்னால் போன வேன் திடீரென்று நின்றது. சித்தி பிரேக்கை மிதித்தாள். ஈரத்தில் ஒரு பக்கச் சக்கரம் பிடித்தது, மறுபக்கம் பிடிக்கவில்லை. வண்டி இடப்பக்கம் இழுத்துக்கொண்டு போய் ஒரு சுற்றுச்சுவரில் உரசி நின்றது. ஆளுக்கு ஒன்றுமில்லை. கதவில் ஒரு கோடு விழுந்தது, அவ்வளவுதான்.

சித்தப்பா வந்து பார்த்துவிட்டு ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. பழைய காலத்து டிரம் பிரேக், இன்றைய போக்குவரத்துக்குத் தாங்காது, எல்லாவற்றையும் ஒரு கை பார்த்துவிடுகிறேன் என்றார். "சரி பண்ணித் தர்றேன். அதுக்கப்புறம் நீ ராணி மாதிரி ஓட்டு." சித்திக்கு மனசு நிறைந்துவிட்டது. சாவியை அவர் உள்ளங்கையில் வைத்துவிட்டு பஸ்ஸில் வேலைக்குப் போனாள்.

வீட்டுக்குப் பக்கவாட்டில் தகரக் கூரை போட்ட ஷெட் ஒன்று உண்டு. ஞாயிற்றுக்கிழமை ஆனால் சித்தப்பா அதற்குள் போய்விடுவார். கூட்டாளியாக லேத்காரர் வருவார். தெருமுனையில் லேத் பட்டறை வைத்திருந்த அவர் வாய் ஓயாமல் பேசுகிற மனிதர். டிரம்மின் உட்புறத்தை அவர் கடைந்து வழவழப்பாக்கிக் கொடுத்தார். டிரம்முக்குள் விரிந்து பிடிக்கும் கட்டைகளுக்குப் புது லைனிங் ஒட்டினார்கள். பிரேக் ஆயில் போகும் குழாய்கள் மாறின. வண்டி நேராக நிற்க ஆரம்பித்தது.

சித்தி சாவியைக் கேட்டாள். லைனிங் புதுசு, இன்னும் படியவில்லை, கொஞ்ச நாள் நானே ஓட்டிப் படிய வைக்கிறேன் என்றார் சித்தப்பா. நியாயமாகத்தான் இருந்தது. படிந்தது. மறுபடியும் கேட்டாள். ஒரே குழாய் எல்லாச் சக்கரத்துக்கும் போகிறது, அது அறுந்தால் மொத்தமும் போச்சு, இரண்டாகப் பிரித்துவிடலாம் என்றார். அதுவும் நியாயம்தான். பிரித்தார்கள். அப்புறம் பெடல் கல் மாதிரி இருக்கிறது, உன் காலுக்கு ஆகாது என்றார். மிதியை இலகுவாக்கும் ஒரு கருவியை எங்கிருந்தோ வரவழைத்து மாட்டினார்கள். மாட்டியபின் பெடல் பஞ்சு மாதிரி ஆகிவிட்டது. இப்போது தொட்டாலே பிடிக்கிறது, உன் கால் பழகாது, அதைக் கொஞ்சம் குறைக்க வேண்டும் என்றார்.

"முதல்ல கல்லு, இப்போ பஞ்சு. நடுவுல என் காலுக்குன்னு ஒண்ணு இருக்குமாங்க?" என்று சித்தி கேட்டாள். சித்தப்பா சிரித்துக்கொண்டே, "ஒரு சின்ன வேலைதாம்மா பாக்கி" என்றார்.

அந்தச் சின்ன வேலை வளர்ந்துகொண்டே போனது. கூடவே, இந்த பிரேக்கை இறக்கத்தில் நம்பாதே என்ற சித்தப்பாவின் எச்சரிக்கையும் வளர்ந்தது. சித்தி சாவியைப் பற்றிப் பேச்செடுத்த வாரம் ஒரு சக்கரம் கழன்று ஷெட்டில் கிடக்கும். பேச்செடுக்காத வாரங்களில் சித்தப்பாவும் லேத்காரரும் வண்டியை 'டெஸ்ட்' பண்ணப் போவார்கள். போகும் தூரமும் நீண்டுகொண்டே வந்தது. முதலில் கடைத்தெரு வரைக்கும், பிறகு ஊர் எல்லை வரைக்கும், பிறகு மலைப்பாதை. அந்த டெஸ்டுக்கு வழிச்சாப்பாடு கட்டிக்கொடுப்பது சித்தியின் பொறுப்பு.

ஊரில் பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சங்கம் இருந்தது. வருடம் ஒருமுறை எல்லோரும் வண்டிகளை எடுத்துக்கொண்டு மலையேறி, மறுபக்கம் இறங்கி, ஏரிக்கரை வரை போய்வருவார்கள். தன் வண்டியைத் தானே ஓட்டிக்கொண்டு அந்த வரிசையில் போக வேண்டும் என்பதுதான் சித்தி ஆசைப்பட்டுக் கேட்ட ஒரே விஷயம். ஒவ்வொரு வருடமும் சித்தப்பாதான் ஓட்டினார். சித்தி பக்கத்தில் உட்கார்ந்து போனாள். சங்கத்தார் வண்டியைச் சுற்றி வந்து, "உங்க வண்டி கண்ணாடி மாதிரி இருக்கு சார்" என்று சித்தப்பாவிடம் சொல்வார்கள். அவர் மறுத்ததில்லை. சித்தியும் திருத்தியதில்லை. கட்டின புருஷனை நாலு பேர் முன்னால் திருத்துவது எப்படி என்று பேசாமல் இருந்துவிட்டாள்.

அந்த வருடப் பயணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது லேத்காரர் தலைவலி மாத்திரை வாங்க மருத்துவமனைக்கு வந்தார். மாத்திரையைக் கொடுத்துக்கொண்டே, பிரேக் வேலை எந்த மட்டில் இருக்கிறது என்று சித்தி பேச்சுவாக்கில் கேட்டாள்.

"எந்த வேலை அக்கா?" என்றார் அவர். "அது அப்பவே முடிஞ்சிடுச்சே. உங்க பொண்ணு காலேஜ் சேர்ந்த வருஷமே சும்மா கிண்ணுனு நிக்குது. அண்ணன்தான் கழட்டுறாரு, துடைக்கிறாரு, அதையே மாட்டுறாரு. நான் பேச்சுத் துணைக்குப் போறேன்."

அந்தப் பெண் படிப்பு முடித்து, வேலைக்குப் போய், வேறு ஊரில் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தாள். சித்தி மாத்திரை உறையின் மேல் காலை, இரவு என்று வழக்கம்போல் எழுதிக்கொடுத்தாள். அடுத்து நின்றவருக்கும் மருந்து கொடுத்தாள்.

மறுநாள் விடுப்பு எடுத்தாள். சித்தப்பா அச்சகத்துக்குக் கிளம்பியதும் ஷெட்டுக்குப் போனாள். சாவி கருவிப் பெட்டிக்குள்தான் இருந்தது. பூட்டெல்லாம் போடவில்லை. எடுக்க மாட்டாள் என்று அவருக்கு அவ்வளவு நிச்சயம்.

வண்டி முதல் திருப்பிலேயே கிளம்பியது. தெருவைத் தாண்டும்வரை யாராவது பார்த்துவிடுவார்களோ என்று சித்தி கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே போனாள். பிறகு ஏற்றம் வந்தது. கியரைக் குறைத்தாள், வண்டி உறுமிக்கொண்டு ஏறியது. கை எதையும் மறக்கவில்லை. மேலே போனதும் ஓரமாக நிறுத்திப் பார்த்தாள். லேசாகத் தொட்டதுமே, இழுக்காமல், கோடு போட்ட மாதிரி நேராக நின்றது. இன்னொரு முறை ஓட்டி நிறுத்தினாள். அப்படியே நின்றது. இத்தனை வருடமும் இப்படித்தானா நின்றுகொண்டிருந்தது என்று நினைத்துக்கொண்டாள்.

அதன் பிறகு இறக்கம் ஆரம்பித்தது. இறக்கத்தில் இரண்டாவது கியரில் போட்டு, என்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும்படி விட்டு, வளைவுக்கு வளைவு மட்டும் பிரேக்கைத் தொட வேண்டும் என்பது சித்திக்குத் தெரியாததில்லை. ஆனால் முதல் வளைவில் வைத்த காலை அவளால் எடுக்க முடியவில்லை. எடுத்தால் அடுத்த முறை பிடிக்குமோ பிடிக்காதோ என்று இருந்தது. இந்த பிரேக்கை இறக்கத்தில் நம்பாதே என்று சித்தப்பா சாப்பிடும்போதும் படுக்கும்போதும் சொன்னதெல்லாம் ஒவ்வொரு வளைவிலும் காதில் கேட்டது. காலை அழுத்தியபடியே இறங்கினாள். பாதி மலை இறங்கியபோது கருகல் வாடை வந்தது. டிரம்கள் கொதித்துப்போய்ப் பிடிப்பை இழந்திருந்தன. அடுத்த வளைவில் பலம் கொண்ட மட்டும் மிதித்தாள். பெடல் இறுகியது, வண்டி நிற்கவில்லை.

சித்தி அலறவில்லை. கியரை இறக்கினாள், கைப்பிரேக்கை மெல்ல மெல்ல இழுத்தாள், சாலை வேலைக்காகக் கொட்டியிருந்த ஜல்லிக் குவியலைப் பார்த்து வண்டியின் மூக்கைத் திருப்பினாள். வண்டி ஜல்லிக்குள் புதைந்து நின்றது. ஒரு விளக்கு உடைந்தது, முன் தகடு நசுங்கியது. அவள் அதை நிறுத்திய அழகைப் பார்க்க அங்கே ஒரு ஆள் இல்லை.

சித்தப்பாவுக்குப் போன் செய்தாள். லேத்காரரின் வேனில் இருவரும் வந்தார்கள். சித்தப்பா முதலில் சித்தியைத்தான் பார்த்தார். அடி ஏதாவது பட்டதா, மயக்கமாக இருக்கிறதா என்று விசாரித்து, தண்ணீர் கொடுத்தார். அப்புறம் சக்கரத்தின் பக்கம் குனிந்து கையை நீட்டி, அனல் பட்டதும் இழுத்துக்கொண்டார். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் கோபம் இல்லை. பரீட்சையில் தன் விடைதான் சரி என்று தெரிந்த பிள்ளையின் முகம் மாதிரி இருந்தது.

"நான் சொன்னேன்ல" என்றார். அதையும் மெதுவாகத்தான் சொன்னார்.

லேத்காரர்தான் தலையைச் சொறிந்துகொண்டு, "இறக்கம் முழுக்கக் காலை எடுக்கவே இல்லையாக்கா?" என்று கேட்டார்.

"எடுக்கல."

"ஏன்க்கா? உங்களுக்குத் தெரியாததா?"

சித்தி சித்தப்பாவைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னாள். "நம்பாதே நம்பாதேன்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க. நம்பாம ஓட்டினேன்."

லேத்காரர் வேன் பக்கம் நகர்ந்துவிட்டார். சித்தப்பா நசுங்கிய தகட்டைத் தடவிப் பார்த்தார். சித்தி சொன்னது அவர் காதில் விழுந்ததா என்றே தெரியவில்லை. நிமிர்ந்து, "முன்னாடி ரெண்டு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக் போட்டுடலாம். அது சூடு தாங்கும்" என்றார்.

சொன்னபடி போட்டார். அதற்காக அந்த வருடப் பயணத்துக்குப் போகவில்லை. ஷெட்டில் ராப்பகலாக வேலை நடந்தது. சித்தி ஜல்லியில் வண்டியை விட்ட கதை சங்கத்துக்குள் பரவியது. பாவம், அவசரப்பட்டுவிட்டாள் என்று சித்தப்பா எல்லோரிடமும் அவளுக்காகப் பரிந்து பேசினார். நல்ல மனுஷன், வேறு ஆளாக இருந்தால் வீட்டை ரெண்டாக்கியிருப்பான் என்று பேசிக்கொண்டார்கள்.

அடுத்த வருடம் எல்லா வண்டிகளும் மைதானத்தில் வரிசையாக நின்றபோது சித்தப்பா நாலு பேர் நடுவில் சாவியைச் சித்தியிடம் நீட்டினார். "இந்தா. இப்போ எதுவும் பாக்கியில்ல. நீயே ஓட்டு."

நிஜமாகவே கொடுத்தார். சித்தி சாவியைப் பார்த்தாள். மலைப்பாதையைப் பார்த்தாள். கை எழும்பவே இல்லை.

"இல்லைங்க, நீங்களே ஓட்டுங்க" என்றாள்.

பார்த்தீர்களா, அவர் கொடுத்தும் இவங்க வேண்டாங்கிறாங்க என்று சங்கத்தார் சிரித்தார்கள். சித்தப்பா வண்டியைக் கிளப்பினார். புது பிரேக் அருமையாகப் பிடித்தது. இறக்கத்தில் ஒவ்வொரு வளைவு வரும்போதும், பக்கத்து இருக்கையில் பெடலே இல்லாத இடத்தில் சித்தியின் வலது கால் தரையை அழுத்திக்கொண்டே போனது. அதற்குப் பிறகு அவள் அந்த வண்டியை ஓட்டியதில்லை. இதை எழுதுபவளிடம் அந்தக் கேள்வியைக் கேட்டது அப்புறம்தான்.

இதைப் படித்தவர்கள் தயவுசெய்து இன்னொருவருக்குச் சொல்லுங்கள். சொல்லும்போது சித்தப்பாவை வில்லனாக்க வேண்டாம். அவர் அடித்ததில்லை, திட்டியதில்லை, கடைசியில் சாவியையும் கொடுத்தார். சித்தியைக் கோழையாக்கவும் வேண்டாம், ஜல்லியில் அந்த வண்டியை நிறுத்தியவள் அவள்தான். நடந்ததை நடந்தபடியே சொல்லுங்கள். உங்களுக்குத் தெரிந்த வீடுகளில் யாராவது ஒருத்தி, சரியாகட்டும் என்று சாவிக்காகக் காத்துக்கொண்டிருந்தால், அவளிடம் முதலில் சொல்லுங்கள்.