தகரக் கூரைக்குக் கீழே ஓர் அங்கீகாரம்

எங்கள் பயிற்சியை அங்கீகரிக்கலாமா வேண்டாமா என்று பார்க்க மூன்று பேர் கொண்ட குழு வருகிறது என்று தெரிந்த அன்றே நான் திட்டம் போடத் தொடங்கிவிட்டேன். மலேசியாவில், தொண்ணூறுகளின் தொடக்கம் அது. பட்டம் வாங்கியும் தமிழ்ப்பள்ளிகளில் தற்காலிக ஆசிரியர்களாகவே காலம் தள்ளிக்கொண்டிருந்தவர்களுக்கு ஒரு டிப்ளோமா பயிற்சி நடத்தினோம். கணிதத்தை எப்படிக் கற்பிப்பது என்று சொல்லித்தருவது என் வேலை. அங்கீகாரம் கிடைத்தால் அவர்கள் நிரந்தரமாவார்கள். இல்லையென்றால் டிப்ளோமாவைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிக்கொள்ளலாம்.

குழு ஒரு வகுப்பை நேரில் பார்க்க வேண்டும் என்றது. கிள்ளானில் ஒரு தமிழ்ப்பள்ளி, பிற்பகல் வகுப்பு, பாடம் பின்னம். நடத்தப்போகிறவர் எங்கள் பயிற்சி ஆசிரியைகளில் ஒருவர். கெட்டிக்காரர்தான், ஆனால் பயந்தால் குரல் நடுங்கும். பயத்தில் அவருக்கு நான் குரு என்பது வேறு விஷயம்.

ஆகவே இரண்டு தந்திரங்கள் வைத்திருந்தேன். முதலாவது சாப்பாடு. வயிறு நிறைந்தவர்கள் நுணுக்கிக் கேள்வி கேட்கமாட்டார்கள் என்பது என் ஆராய்ச்சி முடிவு. இரண்டாவது மொழிபெயர்ப்பு. குழுத்தலைவி மலாய்க்கார அம்மையார், அவருக்கும் மற்ற இருவருக்கும் தமிழ் தெரியாது. நான்தான் பக்கத்தில் உட்கார்ந்து மலாயில் சொல்லவேண்டும். ஆசிரியை தடுமாறினாலும் என் மலாய் தடுமாறாது அல்லவா?

பிரிக்பீல்ட்ஸில் சைவக் கடை, வாழையிலைச் சாப்பாடு.

"அண்ணே, புவானுக்கு இன்னொரு அப்பளம் போடுங்க லா! ரசத்த எங்க காணோம்?" என்று பரிமாறுகிறவரை விரட்டினேன். புவான் என்றால் அம்மையார், தலைவியைத்தான் சொன்னேன்.

தலைவி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "என்சிக், நான் சமையலை மதிப்பிட வரவில்லை" என்றார் மலாயில். என்சிக் என்றால் ஐயா. அப்பளத்தை மட்டும் திருப்பி அனுப்பவில்லை.

என் உபசரிப்பால் ஒரு மணிக்குப் போகவேண்டியவர்கள் மூன்று மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். மூன்று மணி என்றால் கிள்ளான் பள்ளத்தாக்கில் மழை நேரம். வழியில் சுங்கை வே தாண்டும்போதே வானம் இருட்டிவிட்டது. ஷா ஆலமில் முதல் துளி. வகுப்பில் போய் உட்காரவும் கொட்டத் தொடங்கியது. அந்தக் கட்டடத்துக்குத் தகரக் கூரை.

ஆசிரியை வாயைத் திறந்தார். உதடு அசைந்தது, அவ்வளவுதான். பிள்ளைகள் எழுந்து வணக்கம் சொன்னது வாயசைவில் தெரிந்தது. நான் தலைவியின் காதருகே கத்தினேன். அவர் காதைத் தொட்டுக் காட்டிக் கையை விரித்தார். என் மொழிபெயர்ப்பு வேலை முதல் நிமிடத்திலேயே போயிற்று. என் நெஞ்சில், இத்தனை பேர் பிழைப்பையும் ஒரு ரசத்தில் கரைத்துவிட்டேனே என்ற எண்ணம் நன்றாகவே இடம்பிடித்துக்கொண்டது.

ஆசிரியை கூரையை நிமிர்ந்து பார்த்தார். பிறகு புத்தகத்தை மூடிவிட்டு, வண்ணக் காகிதத் துண்டு ஒன்றை உயர்த்திக் காட்டினார். இரண்டாக மடித்தார். கரும்பலகையில் அரை என்று பின்னமாக எழுதினார். இன்னொன்றை நான்காக மடித்துக் கால் எழுதினார். ஆளுக்கொரு காகிதம் வாங்கிப் பிள்ளைகளும் மடித்தார்கள். எது பெரியது என்று ஒரு கேள்விக்குறி போட்டார்.

ஒரு சிறுமி ஓடிவந்து கால் என்ற பின்னத்தைச் சுற்றி வட்டம் போட்டாள். நான்கு இரண்டைவிடப் பெரியதுதானே! 'போச்சு' என்று நினைத்தேன். நானாக இருந்தால் அந்த நொடியே தலையாட்டித் திருத்தியிருப்பேன்.

அவர் தலையாட்டவில்லை, அழிக்கவும் இல்லை. ஒரே அளவில் இரண்டு துண்டுகளை அவள் கையில் கொடுத்துவிட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டார். காத்திருந்தார். சிறுமி ஒன்றை இரண்டாகவும் மற்றதை நான்காகவும் மடித்தாள். ஒன்றன்மேல் ஒன்றை வைத்தாள். பார்த்தாள். திருப்பி வைத்துப் பார்த்தாள். அவளுடைய புருவம் மெல்ல மேலே போனது. உள்ளங்கையால் தன் வட்டத்தைத் தானே அழித்தாள். பிறகு இரண்டு துண்டுகளையும் வகுப்புக்குத் தூக்கிக் காட்டினாள். வரிசை வரிசையாக முகங்கள் மாறின.

எத்தனையோ வகுப்புகளின் பின்வரிசையில் உட்கார்ந்து மதிப்பெண் போட்டவன் நான். அதுவரை ஆசிரியரின் பேச்சைத்தான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். ஒரு பிள்ளைக்குப் புரிவதைக் கண்ணால் பார்த்தது அன்றுதான். திரும்பினால் தலைவி பேனாவை மூடி வைத்துவிட்டு முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

மழை குறைந்ததும் ஆசிரியை என்னிடம் வந்தார். "சார், ஒண்ணுமே பேச முடியல. கெடுத்துட்டேனா? எல்லாருக்கும் போச்சா?"

என்ன சொல்கிறார் என்று தலைவி கேட்டார். ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் மொழிபெயர்த்தேன்.

"இந்தப் பயிற்சியை ஆதரித்து எழுதப்போகிறேன் என்று சொல்லுங்கள்" என்றார் அவர். "எனக்கு மொழி தெரியாது. ஆனால் எதையும் தவறவிடவில்லை."

சொன்னேன். ஆசிரியை அப்படியே ஒரு பிள்ளையின் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "எங்க எல்லாருக்குமா சார்?"

"எல்லாருக்கும்தான், டீச்சர்."

அந்தச் சிறுமி எங்கள் யாரையும் சட்டை செய்யவில்லை. விரல் நகம் அளவுக்கு மடித்த காகிதத்தோடு இடையில் புகுந்தாள். "டீச்சர், மடிக்க மடிக்கச் சின்னதாப் போயிட்டே இருக்கு. இது எப்ப முடியும்?"

இதையும் மலாயில் சொன்னேன். மூன்று நிபுணர்களும் நாற்காலியை இன்னும் அருகில் இழுத்துக்கொண்டார்கள்.

"முடியாது" என்றார் ஆசிரியை, கண்ணைத் துடைத்துக்கொண்டே. "ஒக்காரு, ஏன்னு காட்டுறேன்."