சுடுசோற்றில் கலந்த மருந்து

கட்டி வந்திருந்த கணையத்தில் ஒரு பகுதியை அறுத்து எடுத்துவிட்டு என்னை நெமிலிச்சேரி வீட்டுக்கு அனுப்பியபோது மருத்துவர் சொன்னது எளிதாகத்தான் இருந்தது. சாப்பாட்டைச் செரிக்க வைக்கும் நொதிகளை என் கணையம் இனிப் போதிய அளவு சுரக்காது. ஒவ்வொரு வேளையும் சாப்பாட்டோடு, அந்த நொதி அடங்கிய இந்த என்சைம் கேப்ஸ்யூல் மாத்திரையைப் போட்டுக்கொள்ள வேண்டும்.

மாத்திரை பெரிது. தொண்டையில் இறங்காமல் இரண்டு முறை குமட்டி வெளியே வந்தது. உறையைப் பிரித்து உள்ளிருக்கும் குருணையைச் சாப்பாட்டில் தூவிக்கொள்ளலாம் என்றார் மருந்துக்கடைக்காரர். என் மனைவி அப்படியே செய்தாள். குழைந்த சோற்றில் ரசம் ஊற்றி, ஆவி பறக்கும்போதே குருணையைக் கொட்டி, எனக்கு நெருடக் கூடாதென்று கரண்டியால் நசுக்கியும் கொடுப்பாள்.

ஒரு மாதமாகியும் சாப்பிட்டது உடம்பில் ஒட்டவில்லை. மலத்தில் செரிக்காத எண்ணெய் மிதந்தது. வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. நோய் திரும்பிவிட்டதோ என்று இருவருமே பயந்தோம்.

ஒரு ஞாயிறு மதியம் பக்கத்து வீட்டுப் பெண் என்னைப் பார்க்கச் சாத்துக்குடியோடு வந்தாள். இந்த ஊரிலேயே பிறந்தவள். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஜீன்ஸ் துணி சலவை செய்யும் கம்பெனியில் வேலை. என் மனைவி சோற்றில் எதையோ தூவுவதைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

“இன்னாக்கா அது, மணி மணியா?”

“என்சைம் மருந்து. இது இருந்தாத்தான் இவருக்குச் செரிக்கும்.”

“என்சைமா? அத்த ஏன்க்கா கொதிக்கிற சோத்துல கொட்ற? செத்துப்பூடும்!”

அவள் உட்கார்ந்து விளக்கினாள். ஜீன்ஸை மிருதுவாக்க அவர்கள் டிரம்மில் போடுவதும் ஒரு என்சைம்தானாம். தண்ணீர் ஆறிப்போனால் சோம்பிக் கிடக்கும்; மிதமான சூடும் அளவான புளிப்பும் இருந்தால் நன்றாக வேலை செய்யும்.

“துணி பதமானதும் அத்த நிறுத்தணும்ல? தண்ணிய நல்லா சூடேத்துவோம். அவ்ளோதான், அப்பால வேலையே செய்யாது. சாரு வாயில வெக்கறதுக்கு மின்னாடியே நீ அதத்தான் பண்ணிகினு கீற.”

என் மனைவியின் கண் கலங்கிவிட்டது. “ஒரு மாசமா நானே...”

“தெரிஞ்சா செஞ்சே? மொதல்ல டாக்டருக்கு போன் போடு.”

மருத்துவர் அவள் சொன்னதை ஆமோதித்தார். நசுக்கவும் கூடாது என்றார். வயிற்று அமிலம் இந்த நொதியைக் கெடுத்துவிடும். அதைத் தாண்டிக் குடலுக்குப் போய்ச் சேரத்தான் ஒவ்வொரு குருணைக்கும் மேல்பூச்சு; நசுக்கினால் அது உடைந்துவிடும்.

போன் ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பெண் வியந்துபோனாள். “எங்களுது புளிப்பு கேக்கும், இதுக்கு புளிப்பே ஆவாதா! ஒண்ணொண்ணுக்கும் ஒரு கொணம் போல.”

அன்றிலிருந்து ஆறிய ஆப்பிள் கூழ் ஒரு கரண்டியில் குருணையைத் தூவி, மெல்லாமல் விழுங்கிவிட்டு உடனே சாப்பிட ஆரம்பித்தேன். சில நாட்களில் எண்ணெய் மிதப்பது நின்றது. மெல்ல எடை ஏறியது. மூன்றாம் மாதம் பழையபடி ரயிலேறி வேலைக்குப் போனேன்.

அன்று காலை பக்கத்து வீட்டுப் பெண்ணும் ஸ்டேஷனில் நின்றிருந்தாள். அவளுக்கு நன்றி சொல்ல ஆரம்பித்தேன்.

“அதுக்கின்னா சார், உடு. சாப்ட்டீங்களா?” என்றாள்.

“நாலு இட்லி,” என்றேன்.