கிளட்ச் இல்லாத காருக்கு ஆயில் மாற்றிய கதை

டிரைவர் உத்தியோகத்தில் வண்டி ஓட்டுவது சுலபம். வண்டிக்கு அடியில் படுத்திருக்கும்போது சுற்றி நிற்கிற கால்களுக்கெல்லாம் பதில் சொல்வதுதான் கஷ்டம். அடுத்தவர் வீட்டுக் காரில் எப்போதாவது ஸ்பானர் போட்டிருக்கும் அன்பர்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. மற்ற நாளில் நம் முகத்தைக்கூடப் பார்க்காதவர்கள், நாம் மல்லாந்து படுத்ததும் எங்கிருந்துதான் வருவார்களோ, வந்து குனிந்து யோசனை சொல்வார்கள்.

அறுபதுகளின் தொடக்கத்தில் நான் சிவகாசியில் ஒரு வெடி ஆபீஸ் முதலாளி வீட்டில் கார் ஓட்டினேன். பட்டாசுத் தொழிற்சாலையை எங்கள் பக்கம் ஆபீஸ் என்றுதான் சொல்வோம். மெட்ராஸில் இருந்த வெள்ளைக்காரர் ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது விற்ற அமெரிக்கக் காரை முதலாளி வாங்கியிருந்தார். பின் சீட்டில் ஒரு ஆள் காலை நீட்டிப் படுக்கலாம். கியர் தானாகவே மாறும். நான் பட்ட பாடெல்லாம் அந்தத் தானாகவே என்ற வார்த்தையால் வந்தது.

ஒரு பெடல் குறைந்தது

வண்டியை மெட்ராஸிலிருந்து ஓட்டி வந்து வாசலில் நிறுத்தியதும் தெருவே கூடிவிட்டது. முதலாளியின் வெடி ஆபீஸில் போர்மேனாக இருந்த குருசாமியண்ணன் கதவைத் திறந்து, குனிந்து, பிரேக்கைத் தொட்டார், ஆக்ஸிலேட்டரைத் தொட்டார். பிறகு இடது பக்கம் வெறும் தரையைக் கையால் தடவிப் பார்த்தார். இதற்குக் கிளட்ச்சே கிடையாது, செய்யும்போதே அப்படித்தான் செய்கிறார்கள் என்று நான் மூன்று தடவை சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, கூட்டத்தைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

முந்நூற்றுச் சொச்சம் மைல் ஒற்றை ஆளாக, இடது பக்க ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, ஒரு கீறல் இல்லாமல் கொண்டுவந்து சேர்த்தவன் நான். அதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. குருசாமியண்ணன் சொன்னது இதுதான்: "மெட்ராஸ்காரன் ஒரு பெடலைக் கழட்டி வச்சுக்கிட்டு வித்துருக்கான். நீயும் எண்ணிப் பாக்காம ஓட்டிட்டு வந்துருக்கே."

முதலாளி கொடுத்த எச்சரிக்கை

இரண்டு வருஷம் வண்டி ஒழுங்காக ஓடியது. பிறகு ஆக்ஸிலேட்டரை அமுக்கினால் இன்ஜின் கத்தும், வண்டி நகர யோசிக்கும். ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவி முகர்ந்து பார்த்தேன், தீய்ந்த வாடை. கியர்பெட்டி ஆயிலை இறக்கி, உள்ளே இருக்கும் சல்லடையைக் கழுவி, புது ஆயில் ஊற்ற வேண்டும். மதுரையில் இரண்டு ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். இரண்டு பேருமே இந்த வண்டியை நாங்கள் தொடமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். ஆகவே முதலாளி வீட்டுக் கார் கொட்டகையில், பனந்தடி போட்டு வண்டியை ஏற்றி, நானே செய்வது என்று முடிவாயிற்று.

அந்தச் சமயம் முதலாளி மகள் தனம் பிரசவத்துக்குப் பிறந்த வீடு வந்திருந்தது. முதல் பிரசவத்தை உள்ளூரிலேயே பார்த்து, குழந்தை தங்கவில்லை. இந்தத் தடவை முதல் வலி எடுத்ததுமே மதுரைக்குக் கொண்டுவந்துவிட வேண்டும் என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். படுக்க வைத்துக்கொண்டு போகிற வண்டி ஊரில் இது ஒன்றுதான். எனக்கும் அந்தக் கவலை இருந்தது. தனம் என்னை ஒரு நாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, அண்ணே என்றுதான் கூப்பிடும். ஆனால் கவலைப்படும் உரிமையெல்லாம் முதலாளிக்கு மட்டும்தான். என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "ஏலே பெருமாளு, புள்ளைத்தாச்சியோட வண்டி வழியிலே நின்னுச்சு, நீ அங்கனயே எறங்கி அப்படியே மல்லாங்கிணத்துக்கு நடந்துரு."

மல்லாங்கிணறு என் சொந்த ஊர்.

புத்தகத்தைத் திருத்தியவர்

வண்டியோடு ஒரு இங்கிலீஷ் புத்தகம் வந்திருந்தது. எனக்குப் படம் புரியும், எழுத்து புரியாது. திருத்தங்கலில் ஒரு அச்சாபீஸில் புரூஃப் பார்க்கும் சங்கரன் சாரிடம் கொண்டுபோனேன். நன்றாகத்தான் படித்துச் சொன்னார். அடியில் இருக்கும் ஆயில் தட்டைக் கழற்று, சல்லடையைக் கழுவு, புது பேக்கிங் போடு என்பதுவரை ஒரு குழப்பமும் இல்லை. ஆயில் அளவு பார்க்கும் இடம் வந்ததும் நின்றுவிட்டார். வண்டி நன்றாகச் சூடாகி, இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே கம்பியை உருவி அளவு பார்க்க வேண்டும் என்று போட்டிருந்தது. நிறுத்திவிட்டுப் பார்த்தால், மேலே சுற்றிக்கொண்டிருக்கும் ஆயிலெல்லாம் கீழே தட்டில் இறங்கி, அளவு கூடுதலாகக் காட்டுமாம்.

மெட்ராஸில் வண்டியை என்னிடம் ஒப்படைத்தவரும் இதையேதான் சொன்னார் என்றேன். சங்கரன் சார் கேட்கவில்லை. காதில் செருகியிருந்த சிவப்புப் பென்சிலை எடுத்து, அந்த வரியை அடித்து, இன்ஜினை அணைத்துவிட்டுப் பார்க்க வேண்டும் என்று ஓரத்தில் திருத்தி எழுதி, கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். பதினாறு வருஷமாகக் காலண்டரில் ராகுகாலம் திருத்துகிறவருக்கு அமெரிக்காக்காரன் கார் எம்மாத்திரம். நான் முகத்தைச் சுளித்ததைப் பார்த்துவிட்டு, "ஓடுற இன்ஜின்லே எவனாவது அளவு பாப்பானா? அச்சுக் கோக்குறவன் எங்க ஊர்லே மட்டுந்தான் தூங்குவான்னு நெனைக்கீகளா?" என்றார்.

முருகன் குறுக்கே வந்தது

ஆயில் தட்டுக்கும் கியர்பெட்டிக்கும் நடுவில் போடுகிற பேக்கிங் இந்தியாவில் கிடைக்காது. சிவகாசியில் அட்டைக்கா பஞ்சம்? அச்சாபீஸில் வீணாய்ப் போன காலண்டர் அட்டை ஒன்றை வாங்கி வந்தேன். வெள்ளைப் பக்கத்தில் தட்டை வைத்துக் கோடு போட்டு, ஒரு காலை முழுக்க உட்கார்ந்து, ஒவ்வொரு போல்ட்டுக்கும் ஓட்டை போட்டு வெட்டினேன். ஆயிலில் ஊறப்போட எடுத்தபோது முதலாளியம்மா மோர் கொண்டுவந்தார்கள். அட்டையின் மறுபக்கம் அவர்கள் கண்ணில் பட்டுவிட்டது. ஒரு ஓரத்தில் வேலின் நுனி, இன்னொரு ஓரத்தில் மயில் தோகை.

வருஷா வருஷம் திருச்செந்தூருக்கு நடந்தே போகிறவன் நான். அச்சு கலைந்துபோன அட்டை அது, முருகனுக்கு மூன்று கண் தெரிந்தது. அதையெல்லாம் எங்கே சொல்லவிட்டார்கள். பேக்கிங்கைப் பிடுங்கி, கண்ணில் ஒற்றிக்கொண்டு, பூஜை அறைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். எனக்கு ஒரு நாள் வேலை போயிற்று. மறுபடி அலைந்து, கிளிப் படம் போட்ட அட்டை வாங்கி, முதலிலிருந்து வெட்டினேன். மோரும் வரவில்லை. அம்மா உள்ளே போகும்போது சொன்னது: "எண்ணெயிலே முக்குறதுக்கு ஒனக்கு முருகன்தான் கெடைச்சாரா? ஒன் படத்தை அச்சடிச்சு முக்கு."

சிவப்புத் தைலம்

மெட்ராஸிலிருந்து லாரியில் வந்த புது ஆயில் மாதுளம்பழச் சாறு மாதிரி சிவப்பாக இருக்கும். டின்னைத் திறந்ததுதான் தாமதம், வெளிநாட்டுத் தைலம் வந்திருக்கிறது என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். எதிர்வீட்டு அம்மாள் கிண்ணத்தோடு வந்து கொட்டகை வாசலில் உட்கார்ந்துவிட்டார். முட்டி வலியாம். இது கியருக்கு ஊற்றுகிறது, தோலில் பட்டால் எரியும், அளந்து வாங்கியது, ஒரு சொட்டு குறைந்தாலும் வண்டி நிற்கும் என்று நான் தொண்டை வறளச் சொன்னேன். அந்த அம்மாள் என்னையும் டின்னையும் மாறி மாறிப் பார்த்தார். தெருவில் இறங்கும்போது நாலு பேர் காதில் விழும்படி சொன்னார்: "மனுசன் முட்டியைவிட வண்டி முட்டி ஒசத்தியாப் போச்சு இந்த ஊர்லே."

குருசாமியண்ணனின் சட்டம்

கழுவிக் காயவைத்த சல்லடையைப் பொருத்தி, தட்டை மாட்டி, புது ஆயில் பாதி ஊற்றி, இன்ஜினை ஓடவிட்டு, மீதியைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக்கொண்டிருந்தேன். திடீரென்று இன்ஜின் நின்றது. திரும்பிப் பார்த்தால் குருசாமியண்ணன் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். அவரை நான் ஒரேயடியாகக் குறை சொல்ல முடியாது. இருபது வருஷம் வெடி ஆபீஸில் ஒரு ஆளுக்கும் தீக்காயம் படாமல் பார்த்துக்கொண்டவர். லோடு ஏற்ற வரும் லாரியைக்கூட கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்தி, இன்ஜினை அணைத்து, ஆட்களை வைத்துத் தள்ளித்தான் உள்ளே விடுவார். இரும்புச் சாமான் எதையும் வெடிமருந்து அறைப்பக்கம் அண்டவிடமாட்டார். அந்தச் சட்டத்தால் உயிர் பிழைத்தவர்கள் ஊரில் எத்தனையோ பேர். ஆனால் அதைக் கொண்டுவந்து கியர்பெட்டியில் வைத்தால் நான் என்ன செய்வேன்?

சண்டை போட்டுச் சாவியை வாங்கி, மறுபடி ஓடவிட்டு, அளவு சரியாகக் கோட்டில் நிற்கும்வரை ஊற்றினேன். திருத்தங்கல்வரை ஓட்டிப் பார்த்தேன். வெண்ணெய் மாதிரிப் போனது. யாரும் நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை. குருசாமியண்ணன் மட்டும் சங்கரன் சாரின் சிவப்புப் பென்சில் திருத்தத்தை என் முகத்துக்கு நேரே விரித்துக் காட்டி, "படிச்ச மனுசன் எழுதிக் கொடுத்துருக்காக. எங்க ஆபீஸ்லே நீ இருந்தா, இந்நேரம் கேட்டுக்கு வெளியே நிப்பே" என்றார்.

கள்ளிக்குடியில் நின்றது

மறுநாள் ஒரு நாள் லீவு வாங்கி மல்லாங்கிணறு போய்விட்டு, அதற்கடுத்த நாள் காலை வந்து சேர்ந்தேன். சட்டையை மாற்றவில்லை, தனத்துக்கு வலி எடுத்துவிட்டது. முதலாளி சாத்தூருக்குப் போயிருந்தார். தனமும் முதலாளியம்மாவும் பின்னால், குருசாமியண்ணன் துணைக்கு என் பக்கத்தில். அளவு பார்க்காமல் கிளம்பினேன். அது என் தப்பு, ஒப்புக்கொள்கிறேன். நானே ஊற்றி, நானே பார்த்து வைத்த ஆயில்தானே என்ற நினைப்பு.

விருதுநகர் தாண்டும்வரை ஒன்றும் இல்லை. கள்ளிக்குடி நெருங்கும்போது இன்ஜின் கத்த ஆரம்பித்தது. வண்டி ஊர்ந்து, பிறகு ஊரவும் இல்லாமல் நின்றேவிட்டது. இரண்டு பக்கமும் கருவேலமரம், ஒரு பஸ்ஸையும் காணோம். பின்னால் தனம் பல்லைக் கடித்துக்கொண்டு முனகியது. இன்ஜினை ஓடவிட்டபடியே கம்பியை உருவினேன். நுனியில்கூட ஆயில் இல்லை. அடியில் படுத்துப் பார்த்தேன், கிளிப் படப் பேக்கிங்கில் ஒரு சொட்டுக் கசிவு இல்லை. முதல் குழந்தையைச் சின்னத் துணியில் சுற்றி எடுத்துப் போனதைப் பார்த்தவன் நான்.

அப்போது குருசாமியண்ணன் மெதுவாகச் சொன்னார், நான் ஊருக்குப் போன அன்று அவர் வண்டியை அணைத்துவைத்து அளவு பார்த்தாராம். கோட்டுக்கு மேலே வெகு தூரம் இருந்ததாம். நிறைய ஊற்றினால் வெடித்துவிடுமே என்று, ரப்பர் குழாயை விட்டு, வாயால் உறிஞ்சி, அதிகப்படியை இறக்கிவிட்டாராம். எனக்குக் கண் இருட்டியது. இறக்கியதை எங்கே கொட்டினீர்கள் என்று கேட்டேன். எதையும் வீணாக்குகிற பழக்கம் அவருக்கு இல்லை. டிக்கியைத் திறந்தால், கழுத்துவரை நிரம்பிய மூன்று பாட்டில், மேலே துணி கட்டி, சாக்கில் சுற்றிப் பத்திரமாக இருந்தது.

புனலை வைத்து ஊற்றப் போனேன். அந்த நிலைமையிலும் மனுஷர் சும்மா இருக்கவில்லை. "தாயி, புள்ளையைக் கீழே எறக்குங்க, ஓடுற இன்ஜின்லே எண்ணெய் ஊத்துறான்" என்று கதவைத் திறந்துகொண்டு நிற்கிறார். சாவியைத் தேடி அவர் கை உள்ளே போனது. அந்தக் கையை நான் தட்டிவிட்டேன். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர், தட்டிவிட்டேன். என்ன ஆகியிருக்குமோ தெரியாது, பின் சீட்டிலிருந்து தனம் தலையைத் தூக்கிச் சொன்னது: "குருசாமியண்ணே, வெடிச்சா எல்லாரும் சேந்து போவோம். நின்னா என் புள்ளை மட்டுந்தான் போகும். அவர் ஊத்தட்டும்."

யாருக்குப் பெயர்

மூன்று பாட்டிலும் இறங்கியதும் வண்டி ஒரு உலுக்கு உலுக்கிக் கிளம்பியது. திருமங்கலத்தில் ரயில்வே கேட்டுகூடத் திறந்திருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் தனத்தை இறக்கி முக்கால் மணி நேரத்தில் ஆண் குழந்தை பிறந்தது. அழுகுரல் வராந்தாவரை கேட்டது. நான் தூணில் சாய்ந்து அழுதேன், அதை யாரும் பார்க்கவில்லை.

சாயங்காலம் முதலாளி வந்தார். முதலாளியம்மா நடந்ததைச் சொன்னார்கள். வண்டி நின்றது, பெருமாள் பதறிப்போனான், குருசாமி டிக்கியில் எண்ணெய் எடுத்து வைத்திருந்தான், ஊற்றினதும் ஓடியது. ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. எப்படி எண்ணெய் டிக்கிக்கு வந்தது என்பது மட்டும் விட்டுப்போயிற்று. குருசாமியண்ணன் சொல்வார் என்று பார்த்தேன். அவர் குழந்தை இருந்த அறைப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். நான் வாயைத் திறப்பதற்குள் முதலாளி அவர் தோளில் கையைப் போட்டுக்கொண்டு என் பக்கம் திரும்பினார்: "ஏலே, ஓட்டுறவன் நீ. வழியிலே எண்ணெய் கொறஞ்சா என்ன செய்யுறதுன்னு இவருக்கு இருந்த முன்யோசனை ஒனக்கு ஏன்லே இல்லாமப் போச்சு?"

குழந்தைக்குப் பெயர் வைத்த அன்று குருசாமியண்ணனுக்கு ஜரிகை வேட்டி கொடுத்ததையும் பார்த்த பிறகு நான் தெரிந்துகொண்டது, இந்தத் தொழிலில் ஆயிலை ஊற்றுகிறவனுக்குக் கையெல்லாம் கறை, எடுத்து வைக்கிறவனுக்கு இடுப்பெல்லாம் ஜரிகை.